மூன்று பேரிடமும் ‘உங்க டீம்தான்’ என்றேன்

டெக்சாஸில் எங்கள் பேர்லேண்டில் ஒரு மனிதர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று தெருவில் நின்று சொல்லிவிட முடியாது. கார் வரும், கராஜ் கதவு தானாக மேலே போகும், கார் உள்ளே நுழையும், கதவு இறங்கிவிடும். முகம் பார்க்கவே கிடைக்காது. எங்கள் தெருவில் பதினேழு வருடமாக இருக்கிறேன். எதிர்வீட்டுக்காரரை அவர் காரின் பின்பக்கத்தை வைத்துத்தான் எனக்கு அடையாளம் தெரியும்.

அப்படிப்பட்ட தெருவில் ஒரு நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை மாலை ஒரு கராஜ் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே விளக்கு, பெரிய டிவி, மடக்கு நாற்காலிகள். மூன்று பேர் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் சும்மா நடக்கப் போனவன். மகளுக்குப் பிரசவம் என்று என் மனைவி ஜூன் மாதமே கலிஃபோர்னியாவில் சன்னிவேலுக்குப் போயிருந்தாள். மூன்று மாதம் என்றுதான் பேச்சு. பிள்ளைக்குச் சளி, மகளுக்கு ஆபீஸ் தொடங்கிவிட்டது, டேகேரில் இடம் கிடைக்கவில்லை என்று ஒவ்வொன்றாக நீண்டு நவம்பர் வந்துவிட்டது. எனக்கு இங்கே செல்போன் ரிப்பேர் கடை. விட்டுவிட்டுப் போக முடியாது. பகலெல்லாம் உடைந்த கண்ணாடியை மாற்றிக்கொண்டே வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருப்பேன். என் தொழில் பேச்சு, போன் ரிப்பேர் அதற்கு ஒரு சாக்கு என்று மனைவி சொல்வாள். கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுதுவிட்டு நடப்பேன். நாயைக் கூட்டிக்கொண்டு எதிரே வருகிறவர்கள் கையை ஆட்டுவார்கள். நானும் ஆட்டுவேன். அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

கராஜிலிருந்து காதில் விழுந்த முதல் வாக்கியம் இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. ஒருவர் கொங்குத் தமிழில் முறையிட்டுக்கொண்டிருந்தார்.

“எங்களுக்கு ஒரே தோல்விங்க. அதும் ஒண்ணாம் நெம்பர்கிட்டத் தோத்தது. கலெக்டர்கிட்டத் திட்டு வாங்குறதும் கிளார்க்குகிட்டத் திட்டு வாங்குறதும் ஒண்ணுங்களா?”

என் கால் நின்றுவிட்டது. இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் என்னால் நகர முடியாது. என் படிப்பு டிவி ரிப்பேர் டிப்ளமாவோடு சரி. அதற்குப் பிறகு கற்றதெல்லாம் மனிதர் வாயிலிருந்து கற்றதுதான். யாராவது ஒன்றை நறுக்கென்று சொல்லிவிட்டால் அதை இரண்டு நாள் வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பேன். ஊர்த் தேர்தலைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். கமிட்டி என்றார்கள், சீட் என்றார்கள், அவனை உள்ளே விட்டு இவனை வெளியே நிறுத்தியது அநியாயம் என்றார்கள். இன்னும் இரண்டு அடி கிட்டே போய் டிவியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, விஷயம் காலேஜ் ஃபுட்பால்.

“நம்ம போன் கடை பாய்ப்பா” என்றான் உள்ளே இருந்தவர்களில் இளையவன். வீட்டுக்காரர் எழுந்து வந்து, “ஏனுங்க பாய், வெளிய நிக்கறீங்க, உள்ள வாங்க” என்றார். சுவரில் சாய்த்து வைத்திருந்த நாலாவது நாற்காலியை விரித்துப் போட்டார்.

ஜூன் மாதத்துக்குப் பிறகு, கடைக்கு வெளியே ஒருவர் எனக்கு நாற்காலி போட்டது அன்றுதான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இது நாம் காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட காலேஜ் டீம்கள் ஆடுகின்றன. முடிவில் பன்னிரண்டு டீம்கள் மட்டும் ப்ளேஆஃப் என்கிற கடைசிச் சுற்றுக்குப் போகும். எந்தப் பன்னிரண்டு என்பதை ஒரு கமிட்டி அறைக்குள் உட்கார்ந்து தீர்மானிக்கிறது. நவம்பர் முழுக்கச் செவ்வாய்க்கிழமை மாலையில் அந்த வாரத்து வரிசையை டிவியில் சொல்வார்கள். டிசம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசை வரும். வெறும் வெற்றி தோல்விக் கணக்கு என்றால் சண்டையே வராது. யாரிடம் ஜெயித்தாய், எங்கே தோற்றாய், தோற்றாலும் எப்படித் தோற்றாய் என்றெல்லாம் பார்ப்பார்களாம். இதை எனக்கு விளக்கியவர் சொன்னது: “பொண்ணு பாக்கப் போற மாரி பாய். மார்க்கும் பாப்பான், மொகத்தையும் பாப்பான். எதுக்கு வேண்டாம்னு சொன்னாம்னு கடேசி வரைக்கும் வெளிய வராது.”

இப்படிச் சொன்னவர் திருநெல்வேலிக்காரர். எல்லாருக்கும் அண்ணாச்சி. ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை. அவருடைய மகன் கடைசி வருடம் படிக்கிற காலேஜின் டீம் பச்சை நிறம். மகன் பந்து ஆடுகிறவன் இல்லை. இடைவேளையில் மைதானத்தில் அணிவகுத்து வாசிக்கிற பேண்டில் ட்ரம்பெட் வாசிக்கிறவன். வீட்டுக்காரர் ஈரோட்டுப் பக்கத்தவர், எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். மகள் படித்து முடித்த காலேஜின் டீம் சிவப்பு. இளையவன் சென்னைக்காரன். இளையவன் என்றால் நாற்பது வயது இருக்கும், ஆனாலும் மற்றவர்களுக்குத் தம்பி. மாஸ்டர்ஸ் படிக்க அவன் வந்து இறங்கிய காலேஜ் வேறொரு மாநிலத்தில் இருக்கிறது. டீம் நீலம். இந்த நாட்டில் தனக்குச் சொந்த ஊர் என்றால் அதுதான் என்பான். டீம்களின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

வீட்டு அம்மா கதவைத் திறந்து எனக்கும் ஒரு கிண்ணம் சுண்டல் கொடுத்தார். சென்னைத் தம்பி கையிலிருந்த பீர் டின்னை நாற்காலிக்கு அடியில் தள்ளினான். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அடுத்த வாரத்திலிருந்து அவன் காகித டம்ளரில் ஊற்றிக் குடித்தான். அதையும் நான் பார்க்கவில்லை.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. டிவியில் வரிசை வருவதற்கு முன்னால், தங்கள் வரிசையைத் தாங்களே போட்டுவிட வேண்டும். ஈரோட்டுக்காரரின் மகள் கணக்குப் போட்டுப் பழகிய வெள்ளைப் பலகை ஒன்று சுவரில் தொங்கியது. அதில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எழுதுவார்கள். முதல் எட்டு சட்டென்று வந்துவிடும். ஒன்பதில் குரல் உயரும். பன்னிரண்டாவது இடத்துக்கு வரும்போது ஆளாளுக்கு எழுந்து நின்றுவிடுவார்கள். மூவரின் டீம்களும் அந்த வட்டாரத்தில்தான் வாரா வாரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

நான் போன இரண்டாவது வாரமே அண்ணாச்சி ஒரு யோசனை சொன்னார். “இங்க எந்த டீமுக்கும் வேஷம் கட்டாத ஆளு பாய் ஒருத்தருதான். பன்னெண்டாவது எடத்த அவரு சொல்லட்டும். அவரு சொன்னா முடிஞ்சுது.” அப்படித்தான் எனக்கு மார்க்கர் பேனா கிடைத்தது. என்னைச் சேர்மன் என்றார்கள். டீம் பெயர்களை நான் தமிழில் எழுதுவேன். அது அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

உண்மையைச் சொன்னால் எனக்கு ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடையில் ஓய்வு நேரத்தில் வீடியோ பார்த்து, பத்து கஜம் போக நான்கு வாய்ப்பு என்கிற அளவுக்குக் கற்றுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது இடத்தை நான் வேறு முறையில் கொடுத்தேன். மூவரையும் பேச விடுவேன். யார் முகம் அதிகம் வாடியிருக்கிறதோ அவருடைய டீமை எழுதிவிடுவேன். மற்ற இருவரும் கொஞ்ச நேரம் கத்துவார்கள். ஈரோட்டுக்காரர் ஜெயித்துவந்த வாரத்தில் அண்ணாச்சி அவரைப் பார்த்து, “தூங்கிட்டு இருந்தவங்கிட்ட கபடி ஆடி ஜெயிச்சிட்டு வந்து பேசுதீரா வே” என்றார். நான் சிரித்த சிரிப்பில் சுண்டல் கிண்ணம் கீழே விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவிக்குப் போன் போட்டு அத்தனையையும் சொல்வேன். அவளுக்கு ஃபுட்பால் புரியாது. யார் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்பாள். மூன்று பேர் குரலிலும் பேசிக் காட்டுவேன். பேரன் அழுகிற சத்தத்துக்கு நடுவே அவள் சிரிப்பது கேட்கும். இந்தச் செவ்வாய்க்கிழமைகளுக்கு முன்னால் நாங்கள் போனில் என்ன பேசினோம் என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பிள்ளை தூங்கியதா, சாப்பிட்டாயிற்றா, இன்று குளிரா, அவ்வளவுதான்.

ஆக, அந்த நாற்காலி போய்விடக் கூடாது. எனக்கு இருந்த ஒரே எண்ணம் அதுதான். நான் செய்த தவறும் அதிலிருந்துதான் வந்தது.

முதலில் அண்ணாச்சி. என் கார் மெக்கானிக்கிடம் இருந்த ஒரு நாள், காலையில் என்னைக் கடையில் இறக்கிவிட்டார். வழியெல்லாம் பச்சை டீம் பேச்சு. கடை வாசலில் காரை நிறுத்தியவர் இறங்க விடாமல், மகனைப் பற்றிச் சொன்னார். இது அவனுக்குக் கடைசி சீசன். டீம் ப்ளேஆஃபுக்குப் போனால் பேண்டும் கூடவே போகும், இன்னும் ஒரு தடவை சீருடை போட்டு வாசிப்பான். போகாவிட்டால் இந்த மாதம் வாசிப்பதுதான் கடைசி. அப்புறம் ட்ரம்பெட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு வேலை தேட வேண்டியதுதான். “பய நம்மகிட்ட அதிகம் பேச மாட்டான் பாய். நான் தமிழ்ல கேட்டா அவன் இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை. ஆனா ஸ்டேடியத்துல அவன் வாசிக்கத நான் மேல ஒக்காந்து பாக்கும்போது என்னமோ என்கிட்ட பேசுத மாரியே இருக்கும். நீங்க வெளியாளு. சொல்லுங்க, உள்ள போயிருமா?”

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்ல? “போயிரும் அண்ணாச்சி. உங்க டீம்தான்” என்றேன்.

அடுத்து ஈரோட்டுக்காரர். திங்கள்கிழமை காலை இருவரும் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வந்தபோது, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ரகசியமாகக் கேட்டார். அவரிடமும், உங்க டீம்தானுங்க, அதில் என்ன சந்தேகம் என்றேன். சென்னைத் தம்பி போன் கண்ணாடி மாற்ற வந்தவன், பழைய கண்ணாடியை நான் பெயர்த்துக்கொண்டிருக்கும்போதே கேட்டான். குனிந்த தலை நிமிராமல் அவனுக்கும் அதையே சொன்னேன்.

பொய் சொன்னேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ராமநாதபுரம் பக்கத்தில் ஓட்டுக் கேட்டு வாசலில் வந்து நிற்கிற யாரையும் முகம் வாட அனுப்பமாட்டோம். “உங்களுக்குத்தான் அண்ணே, இதெல்லாம் கேக்கணுமா” என்போம். அவர் தெரு முனையைத் தாண்டுவதற்குள் அடுத்த கட்சிக்காரர் வருவார். அவருக்கும் அதே பதில், அதே சிரிப்பு. இன்னொருவர் சால்வையோடு வருவார். அவருக்கும்தான். வேட்பாளருக்கும் இது தெரியும். வந்தவரிடம் நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவது எங்களுக்கு ஒரு மரியாதை. என்ன, அங்கே வேட்பாளர்கள் மூவரும் சாயங்காலம் ஒரே கராஜில் உட்கார்ந்து, நமக்கு யார் என்ன வாக்குக் கொடுத்தார் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. நான் இதை யோசிக்கவில்லை.

டிசம்பர் வந்தது. கடைசி வரிசைக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம். டிவிக்காரர்களின் பேச்சுப்படி பத்து இடங்கள் உறுதி. சின்ன லீக் ஒன்றின் சாம்பியனுக்கு விதிப்படி ஓர் இடம். மிச்சம் ஒன்றே ஒன்று. அதற்காக வாசலில் நின்ற நாலைந்து டீம்களில் நம் மூன்றும் இருந்தன. எங்கள் நால்வருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் கேலி சூடு பிடித்தது. ஈரோட்டுக்காரர் எழுதினார்: “என்ன வேணாச் சொல்லுங்க, பாய் எனக்கு வாக்குக் குடுத்துட்டாருங்க.” அண்ணாச்சி உடனே, “எனக்குப் போன மாசமே குடுத்தாச்சு” என்றார். சென்னைத் தம்பி எழுதினான்: “ஒரு நிமிஷம். எனக்கும் கடையில வச்சு அதையேதான் சொன்னாரு.”

அதற்குப் பிறகு குழுவில் ஒன்றும் வரவில்லை. கடையில் ஒரு அம்மாவின் போனைத் திறந்து வைத்துக்கொண்டு, என் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சிரிப்புப் படம் போட்டிருந்தால்கூட எனக்கு உயிர் வந்திருக்கும். அரைமணி நேரம் கழித்து அண்ணாச்சியிடமிருந்து ஒரு செய்தி: “பாய், நாளைக்குக் காலைல பத்தரைக்கு வாங்க. டிவிக்கு முன்னாடி நீங்க எழுதணும்.”

போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். வயிறு சரியில்லை என்று சொல்லலாம். சொன்னால் நம்பவும் செய்வார்கள், ஆனால் இனி அந்தக் கராஜுக்குள் எந்த முகத்தோடு போவது? கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மூன்று டீம்களின் ஆட்ட முடிவுகளையும் போனில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இத்தனை வாரமாக முகத்தைப் பார்த்து இடம் கொடுத்தவன், முதல் தடவையாக ஆட்டக் கணக்கைப் பார்த்தேன். யாரிடம் ஜெயித்தார்கள், எங்கே தோற்றார்கள், ஒரு காகிதத்தில் எழுதினேன். இரவு இஷா தொழுகைக்கு எழுந்தபோது என் மனதில் ஒரு பதில் இருந்தது. அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்கு மனைவி போன் செய்தபோது, என்ன சத்தமே காணோம் என்றாள். ஒன்றுமில்லை என்றேன். கராஜ் கதை இல்லையா என்றாள். நாளைக்கு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல வெயில், ஆனால் காற்றில் குளிர். கராஜ் கதவு திறந்திருந்தது. பலகையைத் துடைத்து வைத்திருந்தார்கள். ஒன்றிலிருந்து பதினொன்று வரை அவர்களே எழுதிவிட்டார்கள். பன்னிரண்டுக்கு எதிரே காலி. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஈரோட்டுக்காரர் வழக்கம்போல வாங்க என்றார். ஆனால் மூவரும் ஒரு பக்கமாகவும் நான் ஒரு பக்கமாகவும் நிற்பது போல எனக்குத் தோன்றியது.

உட்காராமலே சொன்னேன். “மூணு பேருகிட்டயும் ஒரே பேச்சைச் சொன்னேன். தப்புத்தான். ஒருத்தருகிட்ட இல்லைன்னு சொல்லிட்டா, அடுத்த வாரம் இங்க வரச் சொல்ல மாட்டீங்களோன்னு இருந்துச்சு.”

சென்னைத் தம்பி தரையைப் பார்த்தான். ஈரோட்டுக்காரருக்கு நிஜமாகவே புரியவில்லை. “அதுக்கெதுக்குங்க வாக்குக் குடுக்கோணும்? சேர் சும்மாதானுங்களே கெடக்குது” என்றார். வீடு நிறைய ஆள் இருக்கிறவர். அவருக்கு அது வெறும் நாற்காலி.

அண்ணாச்சி மார்க்கரை நீட்டினார். “சரி, எழுதுங்க.”

நீலம் என்று எழுதினேன். மூடியைப் போட்டு மார்க்கரை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

“ஏன்?” என்றார் அண்ணாச்சி.

“நீலம் தோத்த ரெண்டும் பெரிய டீம்கிட்ட. அதுவும் அவங்க ஊருக்குப் போய். உங்க டீம் போன மாசம் சொந்த மைதானத்துல, ஒண்ணுமில்லாத டீம்கிட்டத் தோத்துச்சு அண்ணாச்சி. அதைக் கமிட்டி மறக்காது.”

அவர் பலகைப் பக்கம் திரும்பினார். “அந்த ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன் பாய்” என்றார். “மழ. எல்லாரும் எந்திச்சுப் போய்ட்டான். பேண்டு மட்டும் கடேசி வரைக்கும் நின்னு வாசிச்சுது.”

டிவியில் வரிசை வந்தது. ஒவ்வொரு டீமாக, இடையிடையே விளம்பரம் போட்டு, இழுத்து இழுத்துச் சொன்னார்கள். கடைசி இடத்துக்கு வந்தபோது சிவப்பு.

ஈரோட்டுக்காரர் எழுந்து குதிப்பார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக உட்கார்ந்தார். “ஆயிப்போச்சுங்க” என்றார். பிறகு மகளுக்குப் போன் போட்டு, பேசிக்கொண்டே வீட்டுக்குள் போனார். உள்ளே அவர் மனைவி சிரிப்பதும், போனில் மகள் கத்துவதும் கராஜ் வரைக்கும் கேட்டன. சென்னைத் தம்பி உள்ளங்கையால் பலகையைத் துடைத்தான். “சேர்மனே அவுட்டு பாய்” என்றான். சிரிக்கத்தான் சொன்னான். நானும் சிரித்தேன். அண்ணாச்சி கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, வாறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். கார் தெருவில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதில் எனக்குக் கடைசி வரை உறைக்காத ஒன்று உண்டு. அடுத்த செவ்வாய்க்கிழமை மஃரிப் தொழுதுவிட்டுச் செருப்பை மாட்டிய பிறகுதான் உறைத்தது. கடைசி வரிசை வந்துவிட்டது. இனி வரிசை கிடையாது. செவ்வாய்க்கிழமை என்பதே அடுத்த நவம்பர் வரைக்கும் கிடையாது. யாருக்கு என்ன சொல்லியிருந்தாலும், சொல்லாமல் இருந்திருந்தாலும், அந்த நாற்காலி டிசம்பரில் மடங்கித்தான் இருக்கும். இருந்தாலும் நடந்து போனேன். கராஜ் கதவு இறங்கியிருந்தது. உள்ளே விளக்கு இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியவில்லை. திரும்பி வந்து மனைவிக்குப் போன் போட்டேன். பிள்ளை தூங்கியதா என்று கேட்டேன். தூங்கிவிட்டது என்றாள்.

சிவப்பு டீமின் முதல் ப்ளேஆஃப் ஆட்டம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஈரோட்டுக்காரர் குடும்பத்தோடு விமானம் ஏறி ஆட்டம் நடக்கிற ஊருக்கே போய்விட்டார். மகளும் அங்கே வருகிறாள் என்று குழுவில் எழுதியிருந்தார். சென்னைத் தம்பி மனைவி வீட்டாரைப் பார்க்க நியூஜெர்சி போயிருந்தான். கடையை மத்தியானத்தோடு மூடிவிட்டு, அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். எங்கள் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம் என்றேன்.

“பாப்போம் பாய்” என்றார்.

அந்தப் ‘பாப்போம்’ எனக்குத் தெரிந்த சரக்கு. நான் மூன்று பேருக்குக் கொடுத்ததும் அந்தக் கடைச் சரக்குதான். வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம். இருக்க முடியவில்லை.

“பாப்போம் வேணாம் அண்ணாச்சி. வர்றீங்களா, வரலையா, ஒண்ணைச் சொல்லுங்க.”

“வரல பாய்” என்றார். “கோவமெல்லாம் இல்ல. பய லீவுக்கு வந்திருக்கான், மாடியில தூங்குதான். எறங்கி வந்தாலும் பேச மாட்டான். இன்னொரு டீமு அந்த எடத்துல ஆடுததப் பாக்க எனக்கு மனசு இல்ல.”

சரி அண்ணாச்சி என்றேன். போனை வைத்தேன். வரமாட்டேன் என்று ஒருவர் நேராகச் சொன்னது வலிக்கத்தான் செய்தது. ஆனால் அவர் வருவாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலை எனக்கு இல்லாமல் போயிற்று.

சோற்றைச் சூடாக்கித் தட்டில் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். இத்தனை வாரத்தில் ஒரு ஆட்டத்தை முழுசாகத் தனியாகப் பார்ப்பது அதுவே முதல் தடவை. எல்லாம் புரிந்தது. எப்போது உதைப்பார்கள், எப்போது ஓடுவார்கள், நடுவர் கொடியை ஏன் வீசினார், எல்லாம் புரிந்தது. பக்கத்தில் திரும்பிச் சொல்ல ஆள் இல்லை. ஒரு தடவை சத்தமாகவே, “அங்க ஏன்டா போடுற” என்றேன். என் குரல் ஹாலில் மோதித் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

இடைவேளையில் ஏதோ ஒரு பேண்டு மைதானத்துக்குள் வந்தது. அதைப் பார்க்காமல் தட்டைக் கழுவப் போனேன்.

மூன்றாவது பகுதி தொடங்கி ஐந்து நிமிடம் இருக்கும். போன் அடித்தது. அண்ணாச்சி.

“பாய், ஸ்கோர் என்ன?”

கையில் போன் வைத்திருக்கிற மனிதர். விரலால் ஒரு தட்டுத் தட்டினால் அதிலேயே தெரியும். வீட்டில் என் டிவியைவிடப் பெரிய டிவி.

“சிவப்பு பதினாலு பாயிண்ட் பின்னால அண்ணாச்சி. தேறாது போலத் தெரியுது.”

“ஈரோட்டுக்காரரு மூஞ்ச டிவியில காட்டுனானா?”

“இல்ல. காட்டுனாச் சொல்றேன்.”

அவர் பக்கத்தில் டிவி சத்தம் எதுவும் இல்லை. மாடிப்படியில் யாரோ இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. யார் போனில் என்று ஆங்கிலத்தில் ஒரு பையன் குரல் கேட்டது. பாய் மாமா என்று அண்ணாச்சி சொன்னார். பிரிட்ஜ் கதவு திறந்து மூடியது.

“சரி அண்ணாச்சி, வச்சிரவா?” என்றேன்.

“வைக்காண்டாம்” என்றார். “டிவிப் பக்கமாக் கொஞ்சம் திருப்பி வைங்க, சத்தம் கேக்கட்டும். நீங்க உங்க பாட்டுக்குப் பாருங்க.”

சோபாவின் கைப்பிடியில் போனைச் சாய்த்து, டிவியைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். சிவப்பு டீம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கியது.